தும்மலுக்கு மருந்து அடுப்படியில் உண்டா?

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஐப்பசி மழை தொடங்கி தை அறுவடை முடியும் வரை, விடியற்காலைத் தும்மல் கேட்காத தெரு இருக்காது. எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு. வெயில் ஏறியதும் எல்லாம் அடங்கிவிடும். சிலருக்கு இதே தொல்லை ஆடிக் காற்றோடு வருகிறது. வீடுகளில் இதற்குப் பல பெயர்கள். சளி பிடிக்கும் உடம்பு என்பார்கள், டஸ்ட் அலர்ஜி என்பார்கள், ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தவர்கள் ஈஸ்னோபீலியா என்பார்கள். பிள்ளையின் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் அது வீசிங். சித்த மருத்துவர் பீனிசம் என்ற தலைப்பில் வைத்துப் பேசுவார். பெயர் எதுவானாலும் வைத்தியம் பெரும்பாலும் அடுப்படியில்தான் தொடங்குகிறது: மிளகு ரசம், சுக்குக் கஷாயம், தூதுவளைத் துவையல், மஞ்சள் பால், நொச்சி இலை போட்டு ஆவி.

இந்தப் பட்டியலில் இப்போது குடலும் சேர்ந்திருக்கிறது. குடலைச் சரிசெய்தால் அலர்ஜி தானாகப் போய்விடும் என்று சொல்லிப் பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. யாருக்கு, எந்த வயதில், எந்த அளவுக்கு அது உண்மை என்பதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை.

முதலில் நம் ஊர்க் காற்றைப் பார்க்க வேண்டும். பருவகால ஒவ்வாமை பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருபவை. அங்கே குளிர் விலகியதும் மரங்களும் புற்களும் பூத்து, சில வாரங்களுக்குக் காற்று முழுக்க மகரந்தமாகிவிடும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கும் ஸ்ரீரங்கத்தில் நிலைமை வேறு. இங்கே மழைக்கால ஈரத்தில் சுவரோரம் பூஞ்சை படிகிறது, அதன் வித்துகள் காற்றில் மிதக்கின்றன. இலவம்பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் பெருகுகின்றன. மார்கழிப் பனிக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பரணில் கிடந்த கம்பளியை இறக்கிப் போர்த்திக்கொள்ளும்போது அந்தப் பூச்சிகளின் கழிவை இரவு முழுக்கச் சுவாசிக்கிறோம். தையில் அறுவடைத் தூசி. மண்ணச்சநல்லூர் பக்கம் அரிசி ஆலைகளின் தவிட்டுத் தூசி. போகியன்று தெருவெல்லாம் புகை. அம்மியையே நகர்த்தும் என்று பெயரெடுத்த ஆடிக் காற்று வந்தால் புழுதியோடு களைச்செடிகளின் மகரந்தமும் கிளம்பும்.

அந்தக் களைகளில் மோசமானது பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தச் செடி 1950களின் நடுவில் புனே அருகே முதலில் கவனிக்கப்பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான கருத்து. இன்று தமிழ்நாட்டில் காலி மனை இருக்கும் இடமெல்லாம் அதன் வெள்ளைப் பூ தெரிகிறது. பெங்களூரில் செய்த ஆய்வு ஒன்று 1991இல் வெளியானது. மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் தோல், பார்த்தீனிய மகரந்தத்துக்குத் தடித்துக் காட்டியது. விறகுக்கும் வேலிக்கும் என்று 1870களில் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் ஒவ்வாமை தருவதே. ஆக, திருச்சியில் ஒருவர் தும்முவதற்குக் காரணம் மெத்தையாக இருக்கலாம், சுவராக இருக்கலாம், காலி மனையாக இருக்கலாம். எந்த மாதம், எந்த நேரம், எந்த அறை என்று சில வாரங்கள் குறித்துவைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். காரணம் தெரியாமல் கஷாயத்தை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

அடுத்து, பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணம். தும்மல் ஓயாத பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்கிறோம், அதைக் கூட்ட லேகியம் தேடுகிறோம். ஒவ்வாமையில் எதிர்ப்பு சக்திக்குக் குறைவே இல்லை. அது தீங்கற்ற பொருளின் மீது திரும்பியிருக்கிறது. ஐஜிஈ என்ற எதிர்ப்புப் பொருளின் பழைய வேலைகளில் ஒன்று குடற்புழுக்களோடு போராடுவது. ஒவ்வாமை உள்ளவரின் உடம்பு அதே ஆயுதத்தைத் தூசிப்பூச்சிக்கும் மகரந்தத்துக்கும் எதிராக எடுக்கிறது. மூக்கின் சவ்வில் இருக்கும் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன, தும்மல் வருகிறது. இங்கே உடம்பு கற்க வேண்டியது எதைப் பொறுத்துக்கொள்வது என்பதை. அந்தப் பாடத்தின் பெரும்பகுதி குடலில் நடக்கிறது, அதனால்தான் குடல் இந்தப் பேச்சுக்குள் வருகிறது.

1989இல் டேவிட் ஸ்ட்ரக்கன் என்ற ஆய்வாளர் 1958இல் பிறந்த பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தார். மூத்த அண்ணன், அக்கா அதிகம் உள்ள பிள்ளைகளுக்கு மகரந்தக் காய்ச்சல் என்ற மூக்கு ஒவ்வாமை குறைவாக இருந்தது. சிறுவயதில் கிருமிகளோடு பழகினால் பின்னாளில் ஒவ்வாமை குறையலாம் என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. 2016இல் அமெரிக்காவின் இரண்டு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்ட ஆய்வு அதை இன்னும் தெளிவாக்கியது. ஆமிஷ் மக்கள் வீட்டருகே மாடு வைத்துப் பழைய முறையில் உழுபவர்கள். ஹட்டரைட் மக்கள் இயந்திரப் பண்ணை நடத்துபவர்கள். இரு சாராரின் வம்சாவளியும் ஏறக்குறைய ஒன்றே. ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா நூற்றுக்கு 5, ஹட்டரைட் பிள்ளைகளில் 21. ஆமிஷ் வீட்டுத் தூசியில் நுண்ணுயிர்களின் எச்சம் ஏறத்தாழ ஏழு மடங்கு கூடுதலாக இருந்தது.

இதைப் படிக்கும் ஸ்ரீரங்கத்துக்காரருக்குப் பழைய வீடுகள் நினைவுக்கு வரும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீண்டு, கொல்லையில் மாட்டுத் தொழுவத்தில் முடிந்த வீடுகள். தவழும் பிள்ளை சாணம் மெழுகிய தரையைத் தொட்ட கையை வாயில் வைத்தது. அந்த வாழ்க்கை உடம்புக்கு ஏதோ கற்றுக்கொடுத்திருக்கக்கூடும் என்பதை நான் நம்புகிறேன். அதே வீடுகளில் வயிற்றுப்போக்கிலும் அம்மையிலும் பிள்ளைகள் செத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் அதைப் புகழ்வது நியாயமில்லை. தடுப்பூசியையும் சுத்தமான தண்ணீரையும் விட்டுக்கொடுத்துத் தும்மலைக் குறைக்க வேண்டியதில்லை. மண்ணில் விளையாட விடுவது, மாடு கன்றோடு பழக விடுவது, தரையை நாள்தோறும் கிருமிநாசினியால் துடைக்காமல் இருப்பது போதும்.

குடலுக்குள் நடப்பது இதுதான். நாம் உண்ணும் நார்ச்சத்தைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. அது பெருங்குடலுக்கு இறங்கி அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்கள், எதிர்ப்புப் படையை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருக உதவுகின்றன என்பது 2013இல் எலிகளிடம் நிறுவப்பட்டது. மறு ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் நார்ச்சத்து மிகுந்த தீனி உண்ட எலிகளின் நுரையீரலில் தூசிப்பூச்சியால் வரும் ஒவ்வாமை அழற்சி குறைந்தது. இந்த டி செல்களைக் கண்டறிந்து விளக்கியதற்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. குடலுக்கும் மூக்குக்கும் தொடர்பு உண்டு என்று பாட்டி சொன்னால் சிரித்த காலம் போய்விட்டது.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான ஆய்வு 2012இல் வந்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளின் குடலிலும் நுரையீரலிலும் அழற்சியைத் தூண்டும் ஒருவகைச் செல்கள் குவிந்திருந்தன. பிறந்தவுடன் அவற்றுக்கு நுண்ணுயிர்களைச் சேர்த்தபோது பாதுகாப்பு கிடைத்தது. வளர்ந்த பிறகு சேர்த்தபோது கிடைக்கவில்லை. குடலின் பள்ளிக்கூடம் சீக்கிரமே சாத்திவிடுகிறது. நாற்பது வயதில், நல்ல பாக்டீரியாக்கள் அடைத்த புரோபயாட்டிக் மாத்திரை வாங்குபவரிடம் கடைக்காரர் சொல்லாமல் விடும் செய்தி இது.

ஆகவே குடல்வழி வைத்தியத்தில் அதிகம் பயன் பெறப்போவது கைக்குழந்தை. அங்கே நாம் செய்யும் தவறுகள் கனமானவை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். உயிரைக் காக்கும் அறுவைதான், ஆனால் தாயின் பிறப்புவழி நுண்ணுயிர்கள் குழந்தைக்குப் போய்ச் சேர்வது அதில் தடைபடுகிறது. பல நாடுகளின் ஆய்வுகளில் சிசேரியன் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா சற்றே அதிகம். அடுத்தது ஆன்டிபயாட்டிக். மூக்கு ஒழுகும் குழந்தைக்குக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் அந்தப் பாட்டில், வைரஸ் சளியையும் குணமாக்காது, அலர்ஜியையும் குணமாக்காது, குடலின் நுண்ணுயிர்களை மட்டும் அழிக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2000க்கும் 2014க்கும் இடையே கைக்குழந்தைகளுக்கு ஆன்டிபயாட்டிக் தருவது வெகுவாகக் குறைந்தது. அதே காலத்தில் சிறுபிள்ளைகளிடம் புதிதாக வரும் ஆஸ்துமாவும் நூற்றுக்கு 26 குறைந்தது. இத்தனை எளிய, செலவில்லாத இயற்கை வைத்தியம் வேறில்லை: தேவையில்லாத இடத்தில் மருந்து கொடுக்காமல் இருப்பது. தாய்ப்பாலும் அப்படித்தான். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தேன் தடவுவதை மட்டும் விட்டுவிட வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நரம்பு நஞ்சுநோய் வரும் ஆபத்து உண்டு.

பெரியவர்களுக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, சிறிய அளவில். 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பருவகால ஒவ்வாமை உள்ள 173 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. மூன்று வகை நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய மாத்திரையை எட்டு வாரம் சாப்பிட்டவர்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மூக்குத் தொல்லை குறைந்து அன்றாட வேலை எளிதானதாகச் சொன்னார்கள். ஐஜிஈ அளவில் வேறுபாடு இல்லை. இந்தப் பலன் அந்த மூன்று குறிப்பிட்ட இனங்களுக்கே உரியது. வேறு இனம் அடைத்த மாத்திரைக்கு அதைப் பொருத்திப் பேச முடியாது. உலக ஒவ்வாமை அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டி, பரம்பரை ஆபத்துள்ள குழந்தைகளுக்குத் தோல் கரப்பானைத் தடுக்க மட்டுமே புரோபயாட்டிக்கைத் தயக்கத்தோடு பரிந்துரைத்தது. மூக்கு ஒவ்வாமைக்கு அந்தப் பரிந்துரை கிடையாது.

இட்லி, தோசை புளித்த உணவுதானே என்று கேட்பார்கள். மாவைப் பொங்கவைப்பது லூக்கோநாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள்தான். ஆனால் இட்லிப்பானையின் ஆவியில் அவை செத்துவிடுகின்றன. புளிப்பால் செரிமானமும் சத்தும் கூடுகின்றன, உயிருள்ள பாக்டீரியா தட்டுக்கு வருவதில்லை. உயிரோடு வருவது தயிரிலும் மோரிலும் பழைய சோற்றிலும். இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்கின்றன. ஆறிய சோற்று மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறிக் குடலின் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் குடல் அழற்சி நோயாளிகளுக்காகப் பழைய சோற்றை ஆராய எடுத்துக்கொண்டது வெறும் ஏக்கத்தால் அல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில், பத்து வாரம் புளித்த உணவுகளை நிறைய உண்ட ஆரோக்கியமானவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்களின் வகை பெருகியது, ரத்தத்தில் அழற்சி காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. அதில் பங்கேற்றவர்கள் 36 பேர் மட்டுமே, தும்மல் அளக்கப்படவில்லை. எனவே பழைய சோறு தும்மலை நிறுத்தும் என்று யாரும் சொல்லக்கூடாது. காலையில் பிஸ்கட்டுக்குப் பதில் அதைச் சாப்பிடலாம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

நார்ச்சத்துக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. தொட்டியத்திலும் லால்குடியிலும் வாழை விளைகிறது, 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் திருச்சியில் அமைந்தது. வாழைக்காயில் செரிக்காத மாவுச்சத்து மிகுதி. தண்டும் பூவும் நாரே. காந்தி மார்க்கெட்டில் கீரைக்கும் அவரைக்கும் குறைவில்லை. குறைந்தது நம் தட்டில்தான். வெள்ளையாகத் தீட்டிய பொன்னி அரிசி குவியலாகவும், காய் ஒரு ஓரமாகவும் கிடக்கிறது. கம்பும் கேழ்வரகும் பயறும் வாரத்தில் சில வேளையாவது அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும்.

தும்மும் பிள்ளைக்குத் தயிர் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பாலுக்கும் சளிக்கும் உள்ள தொடர்பை ஆஸ்திரேலியாவில் சோதித்திருக்கிறார்கள். 60 பேருக்குச் சளி வைரஸைக் கொடுத்து, அவர்கள் குடித்த பாலையும் சிந்திய சளியையும் அளந்து 1990இல் வெளியிட்டார்கள். அதிகம் பால் குடித்தவர்களுக்குச் சளி அதிகமாகவில்லை. ஒருவருக்குத் தயிர் சாப்பிட்டதும் மூக்கு அடைப்பது நிச்சயமாகத் தெரிந்தால் அவர் நிறுத்திக்கொள்ளட்டும். புளித்த உணவில் ஹிஸ்டமின் உண்டு, சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. எல்லாப் பிள்ளைகளின் தட்டிலிருந்தும் அதை எடுத்துவிட வேண்டாம்.

மூலிகைகளுக்கு வருகிறேன். இங்கே அலட்சியமும் கூடாது, கண்மூடிய பக்தியும் கூடாது. வேலியோரம் நிற்கும் ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை மாதிரியாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்து உருவானது. இருமல் மருந்துப் பாட்டில்களில் இன்றும் அது இருக்கிறது. இஞ்சிச் சாரத்தையும் லோரடடின் என்ற ஒவ்வாமை மாத்திரையையும் தாய்லாந்தில் 80 பேரிடம் ஒப்பிட்டு 2020இல் வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு மூக்குத் தொல்லையைக் குறைத்தன. வெற்று மாத்திரைக் குழு அதில் இல்லாததால் முடிவை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மஞ்சளின் குர்குமினை இரண்டு மாதம் சாப்பிட்ட ஒவ்வாமை நோயாளிகளுக்கு மூக்கடைப்பு குறைந்ததாக 2016இல் 241 பேரிடம் நடந்த சோதனை சொன்னது. மஞ்சளோடு மிளகு சேர்க்கும் நம் வழக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு கூடுகிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி 1998இல் காட்டியது. ஆனால் குர்குமின், பைப்பரின் செறிவு மாத்திரைகள் சிலரின் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. ரசத்தில் போடும் மஞ்சளுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

இரண்டு மூலிகைகளின் கதை எல்லாருக்கும் தெரிய வேண்டும். நஞ்சறுப்பான் கொடியின் இலையை நாளுக்கு ஒன்றாகச் சில நாட்கள் மென்றால் ஆஸ்துமாவும் மூக்கு ஒவ்வாமையும் வாரக்கணக்கில் தணிகின்றன என்று டெல்லியில் சிவபுரி என்ற மருத்துவரும் குழுவினரும் 1960களின் இறுதியில் கண்டார்கள். வாய்ப்புண்ணும் வாந்தியும் பக்கவிளைவு. 1979இல் வேறு குழு கவனமாகச் சோதித்தபோது ஆஸ்துமாவில் பலன் தெரியவில்லை. சீந்தில் கொடிக்கு நேர்ந்தது இன்னொன்று. 2005இல் 75 நோயாளிகளிடம் நடந்த இந்தியச் சோதனையில் எட்டு வாரத்தில் பெரும்பாலானோருக்குத் தும்மல் முற்றிலும் நின்றதாக வந்தது. கொரோனாக் காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று அதை மாதக்கணக்கில் குடித்தவர்களிடம் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். வேறு இனக் கொடியைச் சீந்தில் என்று மயங்கியிருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். எப்படியானாலும் படிப்பினை ஒன்றே: செடியை அடையாளம் தெரிந்தவர், அளவும் காலமும் அறிந்தவர் கையில் அது மருந்து.

பச்சைமலை, கொல்லிமலைத் தேன் தினம் ஒரு கரண்டி சாப்பிட்டால் உள்ளூர் மகரந்தம் பழகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. தேனீ கொண்டுவருவது பூக்களின் கனத்த, ஒட்டும் மகரந்தம். நம்மைத் தும்மவைப்பது பெரும்பாலும் காற்றில் பறக்கும் வகை. அமெரிக்காவில் 36 பேரிடம் 2002இல் வெளியான சோதனையில் உள்ளூர்த் தேன் வெற்றுப் பாகைவிட மேலாக எதுவும் செய்யவில்லை.

இயற்கை முறைகளில் நான் மிகவும் மதிப்பது உப்புநீரால் மூக்கைக் கழுவும் ஜலநேதி. ஒவ்வாமையில் தொல்லை குறைகிறது என்று 2018இல் காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. கொதிக்கவைத்து ஆறிய நீரில்தான் செய்ய வேண்டும். காவிரி நீரோ குழாய் நீரோ அப்படியே மூக்குக்குள் போகக்கூடாது. மூளையைத் தின்னும் அமீபாவுக்குக் கேரளத்தில் 2024இல் பிள்ளைகள் பலியானது நினைவிருக்க வேண்டும். ஆவி பிடிப்பது சற்று நேரம் இதம் தரும். கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோகும் விபத்துகள் இருப்பதால் சிறுவர்களுக்கு அது வேண்டாம்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் தன்வந்திரிக்குச் சன்னதி இருக்கிறது. சக ஆண்டு 1415, அதாவது 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அழிந்துபோன ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் மீண்டும் எடுப்பித்ததைச் சொல்கிறது. ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே இவ்வூரில் நோயாளியைப் பார்க்க வைத்தியர் இருந்தார், இடம் இருந்தது. நாடி பார்த்து, ஆளுக்கேற்ப மருந்து கொடுத்த மரபு அது. இன்று இயற்கை வைத்தியம் என்று வாட்ஸ்ஆப்பில் ஊருக்கெல்லாம் ஒரே கஷாயத்தை அனுப்புவது அந்த மரபுக்குப் பெருமை சேர்க்காது. அரசு சித்த மருத்துவப் பிரிவில் போய் உட்கார்ந்து கேட்பதே அதற்குத் தகும்.

உடம்பைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கும் நேரடி வழியும் ஒன்று உண்டு. ஒவ்வாத பொருளையே மிகச் சிறு அளவில் தொடங்கி மூன்று, நான்கு ஆண்டுகள் ஊசியாகவோ நாக்கடியிலோ கொடுப்பது. லண்டனில் லெனார்ட் நூன் 1911இல் இதைத் தொடங்கினார். காரணம் எதுவென்று தோல் பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு, வல்லுநர் மேற்பார்வையில், நோயின் போக்கையே மாற்றக்கூடியது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே பற்றி நம் வீடுகளில் அச்சம் அதிகம். மருத்துவர் சொன்ன அளவில் அது பாதுகாப்பானது, எந்தக் கஷாயத்தையும்விட நிச்சயமானது.

இத்தனையும் பார்த்தபின் என் தீர்ப்பு இது. தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசுங்கள், மெத்தையை வெயிலில் போடுங்கள், காலி மனைப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். கீரையும் வாழைத்தண்டும் மோரும் பழைய சோறும் தினமும் தட்டில் இருக்கட்டும். கைக்குழந்தைக்கு மருத்துவர் எழுதாத ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்காதீர்கள். வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலரை எந்தக் கஷாயத்தை நம்பியும் நிறுத்தாதீர்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால், விலா எலும்புகள் உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால் அடுப்படிக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.